இருபத்தெட்டாம் நாளுக்கு முன்: இசைப் பெயரின் வேரைப் பார்ப்பது எப்படி

குமரி மாவட்டத்தில் குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டி, காதில் மூன்று முறை பெயர் சொல்லும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த நாள் நெருங்க நெருங்க உறவினர்களின் கைப்பேசிகளிலிருந்து பெயர்ப் பட்டியல்கள் வந்து குவியும். என் தங்கைக்கு நவராத்திரியின் ஒன்பதாம் நாள் மகள் பிறந்தபோது, பிள்ளைக்கு இசையோடு தொடர்புடைய பெயர்தான் வைப்பது என்று அவள் தீர்மானமாக இருந்தாள். வந்து சேர்ந்த நாற்பது பெயர்களுக்கும் பொருளும் பிறப்பும் பார்த்துச் சொல்லும் வேலை, தமிழ் படித்தவன் என்ற ஒரே காரணத்தால் என் தலையில் விழுந்தது. பார்த்து முடித்தபோது, இசைப் பெயர் என்று எல்லோரும் நம்பிய பலவற்றின் வேரில் இசையே இல்லை என்று தெரிந்தது. நான் பின்பற்றிய முறையை, இதே வேலையில் இறங்கும் பெற்றோருக்கு உதவக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சொல்லாலா, ஆளாலா?

ஒரு பெயரைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இது சொல்லால் இசைப் பெயரா, அல்லது அதைத் தாங்கிய ஆளால் இசைப் பெயர் ஆனதா? சுவாதி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். சங்கீதம் தெரிந்த குடும்பங்களில் அதற்குத் தனி மரியாதை உண்டு. 1813ஆம் ஆண்டு பிறந்த திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் ராமவர்மாவை நினைத்தே அதை வைக்கிறார்கள். ஆனால் சுவாதி என்பது ஒரு நட்சத்திரத்தின் பெயர். அந்த நட்சத்திரத்தில் பிறந்ததால் மன்னருக்கு அப்பெயர் வழங்கியது. அகராதியைப் புரட்டினால் அதில் இசை அகப்படாது. அந்த மனிதரின் வாழ்க்கையைப் புரட்டினால்தான் அகப்படும்.

செசிலியாவும் அப்படியே. கத்தோலிக்க மரபில் இசைக்கலைஞர்களின் பாதுகாவலியாகிய புனித செசிலியாவின் திருநாள் நவம்பர் 22. நம் மாவட்டத்து ஆலயப் பாடகர் குழுக்களில் அந்தப் பெயர் அறியாதவர் குறைவு. பெயரின் வேரைத் தேடினாலோ, பார்வையற்றவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ஓர் உரோமைக் குலப்பெயரில் போய் முட்டும். இதைப் படித்த ஒரு தாய் பயந்துபோய் பெயரையே கைவிட நினைக்கலாம், அது தேவையில்லை. ஆளால் வந்த பெயருக்கு ஆளின் கதையே பொருள் என்று எடுத்துக்கொள்வதுதான் முறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "செசிலியா என்றால் இனிய குரல்" என்று இல்லாத பொருளை அழைப்பிதழில் அச்சிடுவதுதான் தவறு.

இசை என்ற சொல்லுக்குள்ளே

சொல்லால் இசைப் பெயர் என்றால் முதலில் நிற்பது இசையேதான். இன்று தனித்தும், தமிழிசை, இசைமதி, இசைவாணி, இன்னிசை என்று கூட்டாகவும் வைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் மூன்று பொருள்கள் குடியிருக்கின்றன. பாட்டு என்பது ஒன்று. புகழ் என்பது இன்னொன்று. "ஈதல் இசைபட வாழ்தல்" என்று வள்ளுவர் சொல்லும்போது பாட்டைச் சொல்லவில்லை, புகழைச் சொல்கிறார். பொருந்துதல், உடன்படுதல் என்பது மூன்றாவது. இசைவு தந்தார் என்று இன்றும் எழுதுகிறோம். பழைய பாடல்களில் நல்லிசை, பேரிசை என்று வரும் இடங்களில் புகழே பெரும்பாலும் முன்னிற்கும்.

வியப்பு என்னவென்றால், வடமொழியிலும் இதே இணைப்பு இருக்கிறது. கீர்த்தனம் பாட்டு, கீர்த்தி புகழ். இரண்டுக்கும் வேர் ஒன்று, புகழ்ந்து சொல்லுதல். ஆகவே இசை என்று ஒரு வீட்டிலும் கீர்த்தனா என்று பக்கத்து வீட்டிலும் பெயர் வைத்திருந்தால், இரு வீட்டாரும் தெரியாமலே ஏறக்குறைய ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். தமிழிசை என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு இடம் கேட்டு எழுந்த இயக்கத்தின் விளைவாக 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அந்தச் சொல்லையே மக்கள் பிள்ளைகளுக்கும் சூட்டினார்கள். 2019 முதல் 2024 வரை தெலங்கானா ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் 1961இல் நாகர்கோவிலில் பிறந்தவர் என்பதால், நம்மூர்க் காதுகளுக்கு அது பழகிய பெயர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "எங்கள் குலதெய்வம் இசக்கி, அதுவும் இசையிலிருந்து வந்ததுதானே" என்று தங்கையின் மாமியார் கேட்டார். இல்லை. யட்சி என்பது இயக்கி ஆகி, இயக்கி இசக்கி ஆயிற்று. முதல் இரண்டு எழுத்து ஒத்துப்போவதாலேயே இரண்டு சொற்கள் உறவாகிவிடுவதில்லை.

ஒரே எழுத்தில் ஒளியும் வேறு சொற்கள்

தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் பல ஒலிகளைத் தாங்குகிறது. தமிழுக்கு அது குறையே இல்லை. ஆனால் வடமொழிப் பெயரின் பொருளைத் தேடுகிறவர் அங்கேதான் வழுக்கி விழுகிறார். நாதம் என்றால் ஒலி. நாதன் என்றால் தலைவன். தமிழில் எழுதினால் இரண்டிலும் அதே தகரம். மூலத்தில் இரண்டும் வெவ்வேறு எழுத்து. விசுவநாதன் உலகின் ஒலி அல்லர், உலகின் தலைவர். நாதன் என்று முடியும் பெயரையெல்லாம் இசைப் பெயராகக் கொண்டாடும் பட்டியல்கள் இதைக் கவனிப்பதில்லை. நமக்கு ஒரு வசதி உண்டு: விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளம் படித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்தில் இரண்டும் தனித்தனியே எழுதப்படும் என்பதால், ஐயமுள்ள பெயரை அவர்களிடம் மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னால் போதும். எது எந்தச் சொல் என்று அந்த நிமிடமே விளங்கிவிடும்.

ராகவியும் அப்படிப்பட்ட ஒரு பெயர்தான். ராகம் பாடுபவள் என்று பட்டியல் சொன்னது. ஆனால் ராகவன் என்பது ரகுவின் வழிவந்தவன் என்று பொருள்படும் குலப்பெயர், ராகவி அதன் பெண்பாலாகவே நிற்கும். ராகம் வேறு; நிறமேற்றுதல், மகிழ்வித்தல் என்னும் வேரிலிருந்து வந்தது. அந்த வேரின் நேர்மகள் ரஞ்சனி. ராகத்தின் பொருள் வேண்டுமென்றால் ராகவியைவிட ரஞ்சனியே பொருத்தமானது.

குழலி என்பதைப் புல்லாங்குழலோடு சேர்ப்பவர்களும் பலர். குழல் என்பது ஊதும் குழலும் ஆகும், கூந்தலும் ஆகும். பூங்குழலி, கருங்குழலி என்று அடையோடு வரும்போது அது கூந்தல்தான். சுருதி என்பதன் வேர் கேட்டல். அதனால்தான் அது வேதத்துக்கும் பெயர், சுரத்தின் நுண்ணிய அளவுக்கும் பெயர். வேணு என்றால் முதலில் மூங்கில், பிறகு அதில் செய்த குழல். பல்லவிக்குத் தளிர் என்று ஒரு பொருள் உண்டு. லயா என்ற பெயரின் வேரில் கரைதல் இருக்கிறது. பாட்டில் லயித்துப்போனேன் என்று சொல்லும்போது நாம் அந்த வேரைத்தான் தொடுகிறோம். வீணாவுக்குப் பொருள் பார்க்கவே வேண்டாம். ஆனால் "வீணாப் போச்சு" என்று நாளுக்குப் பத்து முறை சொல்லும் வீட்டில் அந்தப் பெயர் படும் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ராகத்தின் பெயரை வைப்பதென்றால்

என் தங்கையின் மனம் முதலிலிருந்தே ராகப் பெயர்களில்தான் நின்றது. ராகங்களிலிருந்து பெயர் எடுப்போர் இரண்டு வகை ராகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மற்ற ராகங்களுக்குத் தாயாகக் கருதப்படும் 72 மேளகர்த்தா ராகங்களின் பெயர்கள் கடபயாதி என்னும் எண்முறைக்கு ஏற்ப அமைந்தவை. வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளின் எண்களை எடுத்து இடம் மாற்றினால் ராகத்தின் வரிசை எண் கிடைக்கும். கீரவாணியில் கீ என்பதற்கு 1, ர என்பதற்கு 2; மாற்றினால் 21. சாருகேசியில் 6, 2, மாற்றினால் 26. சங்கராபரணம் என்ற பழம்பெயருக்கு முன்னால் தீர என்பதையும், கல்யாணிக்கு முன்னால் மேச என்பதையும் ஒட்டியது, 29 என்றும் 65 என்றும் எண் வர வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே மேசகல்யாணி என்று முழுப்பெயராக வைக்க விரும்பிய ஒருவரிடம், முதல் இரண்டெழுத்து கணக்குக்காக வந்தது, பெயர் கல்யாணிதான் என்று சொல்லிவிடலாம். கல்யாணி மங்கலமானவள்.

இந்தக் கணக்குக்கு உட்பட்டும் அழகான பொருளோடு நிற்கும் பெயர்கள் சில உண்டு. கீரம் என்றால் கிளி, வாணி என்றால் மொழி; கீரவாணி கிளிமொழியாள். சாருகேசி அழகிய கூந்தலாள். லதாங்கி கொடி போன்ற மேனியாள். மேளகர்த்தா அல்லாத ராகங்களில் ஹம்சத்வனியை மறக்கக் கூடாது. அன்னத்தின் ஒலி என்பது பொருள். முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய ராகம் அது. உருவாக்கியவர் இன்னார் என்று சொல்லக்கூடிய ராகப் பெயர்கள் மிகச் சிலவே. ரேவதி, லலிதா, வசந்தா ஆகியவை ராகங்களாகவும் இருக்கின்றன, ராகம் தெரியாத வீடுகளிலும் தலைமுறைகளாக வழங்குகின்றன. இசைப் பெயர் வேண்டும், ஆனால் புதுமையாகத் தெரியவும் கூடாது என்று நினைக்கும் குடும்பத்துக்கு இவை நல்ல வழி.

பொருளுக்கு அடுத்தபடியாக, ராகத்தின் குணம் ஊர் வாயில் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முகாரி கேட்பதற்கு இனிய சொல்தான். ஆனால் "எதற்கெடுத்தாலும் முகாரி பாடாதே" என்று ஏசும் ஊரில் அதைப் பெயராக்க முடியாது. என் தங்கை முதலில் தேர்ந்தெடுத்தது நீலாம்பரி. நீல ஆடை அணிந்தவள் என்பது பொருள்; தாலாட்டுக்குரிய ராகம் என்ற பெயரும் அதற்கு உண்டு. பிறந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும் என்று நானும் தலையாட்டினேன். ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நீலாம்பரின்னு நீ எழுதி வைப்ப. தெருவுல நீலின்னுல்லா கூப்பிடுவாவ. மக்களே, பிள்ளைக்கு வேற பேரே கெடைக்கலியா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பெயர் முடிந்தது. முப்பந்தல் இசக்கியின் கதையோடு நீலியின் கதையும் பின்னிக் கிடக்கும் மாவட்டம் இது. கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் குழு குடமும் உடுக்கையும் முழங்க விடிய விடிய அந்தக் கதையைப் பாடக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நீலி என்பது பழிவாங்க வந்த பெண்ணின் பெயர். நீலிக் கண்ணீர் என்ற வசையும் அங்கிருந்தே வந்தது. சென்னையில் நீலாம்பரிக்கு இந்தத் தடை இருக்காது. இங்கே இருக்கிறது.

நவராத்திரியில் பிறந்த குழந்தைக்கு, நம் மாவட்டத்தோடு ஒட்டிய ஒரு வழி உண்டு. ஆண்டுதோறும் பத்மநாபபுரம் அரண்மனைத் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வர ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்கிறாள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது இரவும் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள், இரவுக்கு ஒன்றாக முதன்மை பெறும். அவற்றின் ராகங்கள் வரிசைப்படி சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி. இரண்டாம் நாள் பிறந்தவள் கல்யாணி, மூன்றாம் நாள் பிறந்தவள் சாவேரி, ஐந்தாம் நாள் பிறந்தவள் பைரவி என்று எடுத்துக்கொள்ளலாம். தோடியையும் பந்துவராளியையும் பிள்ளைக்கு வைக்கச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. எங்கள் பிள்ளை ஒன்பதாம் நாளுக்குரியவள்.

பழந்தமிழ்ச் சுரங்களும் யாழும்

தனித்தமிழ்ப் பெயர் வேண்டுவோர் பழைய ஏழு சுரங்களை நோக்கிப் போவதுண்டு: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். நானும் ஆசையோடு போனேன், வெறுங்கையோடு திரும்பினேன். துத்தம் என்றால் ரப்பர் தோட்டக்காரருக்கு மயில்துத்தம் நினைவுக்கு வரும். கைக்கிளை ஒருதலைக் காமம். இளி என்பதைச் சொன்னதும் பல்லை இளிப்பதுதான் தோன்றும். தாரம் மனைவி. மிஞ்சுவது விளரி, கேட்க இனிமையான சொல், எழுத அழகான சொல். ஆனால் விளரிப் பண் இரங்கலுக்கு உரியது. போர்க்களத்தில் வீழ்ந்து கிடப்பவனை நரி நெருங்காமல் காக்க அது பாடப்பட்டதைப் புறநானூற்றில் படித்த பிறகு, அதைத் தொட்டிலுக்குக் கொண்டுவர மனம் வரவில்லை.

யாழ் அப்படி ஏமாற்றாது. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று பழைய உரை வகுத்துச் சொல்கிறது. யாழிசை, யாழ்மொழி, யாழினி என்று இப்போது வழங்கும் பெயர்களில் யாழினி இக்கால ஆக்கம். பாடும் பெண்ணைச் சங்கப் பாடல்கள் பாடினி என்று அழைத்தன; அந்த வார்ப்பில் யாழினியைப் பார்த்தால் யாழுக்குரியவள் எனலாம். குழலினிது யாழினிது என்ற குறளைச் சேர்த்துப் படித்தால், அந்த மூன்றெழுத்தும் அப்படியே அதற்குள் கிடப்பதும் தெரியும். ஒரே இடைஞ்சல் ழகரம். எங்கள் உறவில் ஒரு பிள்ளைக்கு யாழினி என்று பெயர் வைத்து, சான்றிதழில் அது யாளினி என்று பதிவாகி, திருத்துவதற்காகப் பல மாதம் அலைந்தார்கள். சுசீந்திரம் கோயில் தூணில் நிற்கும் யாளிக்குப் பெண்பால் போல ஆகிவிட்டது என்று அவள் தாத்தா இன்றும் கேலி செய்வார்.

வேதாகமப் பெயர்களும் அரபுப் பெயர்களும்

கிறித்தவக் குடும்பங்களுக்கு ஆதியாகமத்தில் யூபால் இருக்கிறார்; தமிழ் வேதாகமம் அவரைக் கின்னரக்காரருக்கும் நாகசுரக்காரருக்கும் தகப்பன் என்று சொல்வது நம் காதுக்கு ஒரு தனி இனிமை. ஆசாப், தாவீதின் காலத்துப் பாடகர் தலைவர்; ஆளால் வந்த இசைப் பெயர். தாவீது என்பதற்கே அன்புக்குரியவன் என்பதுதான் பொருள், சுரமண்டலம் கதையில் இருக்கிறது. இசுலாமிய வீடுகளில் அதே பெயர் தாவூத். மலைகளும் பறவைகளும் அவரோடு சேர்ந்து இறைவனைத் துதித்ததாகக் குர்ஆன் கூறுகிறது. கரோல் என்ற பெயரை மட்டும் கவனிக்க வேண்டும்: கிறிஸ்துமஸ் இரவில் வீடு வீடாகப் பாடிவரும் கேரலுக்கும் அதற்கும் வேரில் தொடர்பில்லை; அது சார்லஸ் என்பதன் இலத்தீன் வடிவிலிருந்து பிறந்தது. சொல்லாலேயே இசையாக நிற்கும் பெயர் வேண்டுமென்றால் நக்மா இருக்கிறது. இன்னொலி என்று பொருள்படும் அரபுச் சொல். தரன்னும் என்பதும் இனிமையாக இசைத்து ஓதுதலைக் குறிக்கும். ஆண்டுதோறும் சூஃபிப் புலவர் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி பாடக் கேட்கும் தக்கலைக்காரர்களுக்கு, ஓதுதலும் பாடுதலும் எவ்வளவு நெருக்கம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முற்றத்தில் நின்று கூப்பிட்டுப் பார்த்தல்

வேரும் கதையும் சரியாக அமைந்த மூன்று நான்கு பெயர்களை எடுத்துக்கொண்டு, வீட்டில் மூத்தவர் ஒருவரை முற்றத்தில் நிறுத்தி, அடுக்களையில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல உரக்கக் கூப்பிடச் சொல்ல வேண்டும். அவர் வாயில் பெயர் எப்படிச் சுருங்குகிறதோ, அதுதான் பிள்ளை வாழ்நாள் முழுவதும் கேட்கப்போகும் பெயர். ஹம்சத்வனி எங்கள் ஆச்சியின் வாயில் அம்சா ஆயிற்று. அன்னம் நின்றது, ஒலி போய்விட்டது. சாருகேசி சாரு ஆகி அழகாகவே நின்றது. ஆரபி எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் சுருங்கவில்லை.

பெயர் முடிவாகவில்லையே என்று அவசரப்பட வேண்டியதில்லை. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இருபத்தெட்டுக்குப் பெயர் வைக்கும் நம் வழக்கத்துக்கு இது மிகவும் வசதி. சேர்க்கும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகளை நீங்களே தெளிவாக எழுதிக் கொடுத்து, அச்சிடுமுன் ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும். யாழினிக்கு ஆங்கிலத்தில் இசட், எச் இரண்டும் வேண்டும். வெளிமாநிலத்தார் அதை வேறு விதமாக வாசிப்பார்கள் என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஆரபிக்கு ஆங்கிலத்தில் ஒரே ஏ போட்டு, பி எழுத்துக்குப் பின்னால் எச் இல்லாமல் எழுதினால், படிப்பவர் அரபி என்று வாசிப்பார். ஆகவே முன்னால் இரண்டு ஏ, நடுவில் எச் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி மைத்துனரிடம் கொடுத்தனுப்பினேன். அன்று மாலை அவர் கொண்டுவந்த சான்றிதழை ஆச்சி வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழ் வரியை மட்டும் படித்துவிட்டு, தொட்டிலைப் பார்த்து ஒருமுறை கூப்பிட்டார்.